யந்திரத்துக்காகக் குறைக்கப்பட்ட எழுத்து

கேரள அரசு 1971-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறப்பித்து, அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் அமலுக்குக் கொண்டுவந்த ஓர் ஆணையைப் பற்றித் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால், கணிப்பொறியும் கைப்பேசியும் உலகத்தை ஒரே சந்தையாக்கிவிட்ட இக்காலத்தில் நம் பாஷைகளின் கதி என்னவாகும் என்று கன்னட தேசத்திலும் தமிழ்நாட்டிலும் மலையாள நாட்டிலும் கவலையோடு விவாதிப்பவர்கள் யாவரும் முதலில் படித்துப் பார்க்க வேண்டிய பத்திரம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு பாஷையின் எழுத்தை, அந்தப் பாஷைக்காரர்களே, அயலார் எவருடைய கட்டாயமும் இன்றி, முழு நல்லெண்ணத்தோடு, ஒரு யந்திரத்தின் சௌகரியத்துக்காகக் குறைத்துக்கொண்ட வரலாறு அதில் அடங்கியிருக்கிறது.

மலையாள எழுத்தின் அமைப்பை அறியாதவர்களுக்குச் சிறிது விளக்கம் அவசியம். மெய்யெழுத்துகள் இரண்டும் மூன்றும் சேரும்போது அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகவும் ஒன்றோடொன்று பிணைத்தும் எழுதுவது அந்தப் பாஷையின் பழைய சம்பிரதாயம். உகர ஊகாரக் குறிகளும் மெய்யின் காலடியில் ஒட்டிக்கொண்டு, மெய்க்கு மெய் வெவ்வேறு வடிவம் கொள்ளும். நம் தமிழில் கு, சு, து, மு என்பவற்றில் உகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக ஒட்டியிருப்பதையும், ‘ஜு’, ‘ஹு’ என்னும் கிரந்த எழுத்துகளில் அதே உகரம் பக்கத்தில் தனித்து நிற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், மலையாளத்தில் நடந்தது இன்னதென்று எளிதில் விளங்கிவிடும். கு என்பது போன்றவற்றையெல்லாம் ஜு என்பதைப்போல் பிரித்து நிறுத்தினார்கள். கூட்டெழுத்துகளில் மிகப் பலவற்றைச் சந்திரக்கலை என்னும் குறியிட்டுத் தனித்தனி மெய்களாகப் பிளந்தார்கள். ஏறக்குறைய 1,000 அச்சுருவங்கள் வேண்டியிருந்த பாஷைக்கு ஏறக்குறைய 250 உருவங்கள் போதும் என்று ஆயிற்று.

இந்தச் சீர்திருத்தத்துக்கு வழி வகுத்த குழுவை 1967-இல் அரசு நியமித்தபோது அதற்குத் தலைமை வகித்தவர் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை. கேரளப் பல்கலைக்கழகத்தின் மலையாளப் பேரகராதியை உருவாக்கும் பெரும்பணியை மேற்கொண்டிருந்த பதிப்பாசிரியர். தம் பாஷையின் ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து அறிந்தவர். அவரையோ அவரோடு இருந்த அறிஞர்களையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி பாஷை அடிப்படையில் ஒரு மாநிலம் பிறந்திருந்தது. அதன் நிர்வாகம் ஆங்கிலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. மலையாளத்தில் கோப்பு எழுத வேண்டுமானால் மலையாளத்தில் தட்டச்சுச் செய்ய வேண்டும். தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகளே இருந்தன. யந்திரத்தை மாற்றும் சக்தி அன்றைக்கு யாரிடமும் இல்லை. அதனால் எழுத்தை மாற்றினார்கள். பாஷையை ஆட்சியில் அமர்த்த வேண்டும் என்ற அபிமானமே அந்தக் கத்தரியை எடுக்கச் சொன்னது.

விளைவு வேறுவிதமாயிற்று. தட்டச்சையும் அச்சையும் முன்னிட்டுச் செய்த மாற்றம் பள்ளிப் பாடப் புத்தகத்துக்குள் புகுந்தது. பாட்டனார் எழுதும் எழுத்து ஒன்று, பேரன் பாடம் படிக்கும் எழுத்து மற்றொன்று என்று ஆகி, எந்தக் கூட்டெழுத்தைப் பிரிப்பது எதை விடுவது என்பதில் அச்சகத்துக்கு அச்சகம் வழக்கம் மாறியது. திருவனந்தபுரத்தில், ஆ. மாதவன் தம் கதைகளால் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்திய சாலைக் கடைத்தெருவில் நடந்துசெல்பவர் பெயர்ப்பலகைகளை நிதானமாகப் படித்துப் பார்த்தால், ஒரே பலகையில் பழைய பிணைப்பு ஓரிடத்திலும் புதிய பிரிப்பு ஓரிடத்திலும் இருப்பதைக் காணலாம்.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம் அதற்கு அடுத்தபடியாக நடந்ததே. எண்பதுகளின் இறுதியில் மேசைக் கணிப்பொறியில் பக்கம் கட்டும் முறை அச்சகங்களுக்கு வந்துசேர்ந்தது. ஐம்பது விசை என்ற தடை அன்றோடு நீங்கிவிட்டது. ஆயிரம் உருவங்களானாலும் பதினாயிரம் உருவங்களானாலும் கணிப்பொறிக்கு அது ஒரு பாரமன்று. ஆயினும், தட்டச்சுப் பொறிக்காகக் குறைக்கப்பட்ட எழுத்தே கணிப்பொறியிலும் ஏற்றப்பட்டது. காரணம் மறைந்த பின்பும் காரியம் மறையவில்லை. யந்திரத்துக்கு ஒருமுறை பணிந்த பாஷை, அந்த யந்திரம் செத்து, பழைய சாமான் கடைக்குப் போன பிறகும், பணிந்த நிலையிலேயே நின்றுகொண்டிருந்தது. உலகமயத்தைப் பற்றிப் பேசும்போது வெளியிலிருந்து வரும் ஆபத்தையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். நம்முடைய பழைய சமரசங்கள் நிரந்தர நியதிகளாக உறைந்துபோகும் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

அதைப் பற்றிப் பேசியவர்கள் கேரளத்தில் இருந்தார்கள். ஆர். சித்ரஜகுமார், என். கங்காதரன், கே.எச். ஹுசைன் ஆகியோர் முன்னின்று 1999-இல் ‘ரசனா’ என்ற எழுத்தியக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: எழுத்தைக் குறைக்கச் சொன்ன யந்திரம் இப்போது இல்லை, ஆகவே, எழுத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அவர்கள் கோஷத்தோடும் மனுவோடும் நின்றுவிடவில்லை என்பதுதான் போற்றத்தக்கது. கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹுசைன், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களைக் கொண்ட முழுமையான ஒரு எழுத்துருவைத் தம் கையாலேயே வரைந்து முடித்தார். பழைய எழுத்து கணிப்பொறியில் சாத்தியமில்லை என்று சொன்னவர்களுக்கு அந்த எழுத்துருவே பதிலாக இருந்தது.

2002-இல் பைஜு என்னும் பொறியியல் மாணவர் தொடங்கிய முயற்சி, ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வக் குழுவாக வளர்ந்தது. ரசனா எழுத்துரு எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள பொதுச் சொத்தாக வெளியிடப்பட்டது. ‘மீரா’வும், சந்தோஷ் தோட்டிங்ஙல் வடிவமைத்த ‘மஞ்சரி’யும் அதே வழியில் வந்தன. இன்று மலையாளி ஒருவர் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ பழைய எழுத்தைப் பார்க்க விரும்பினால் எழுத்துருவை மாற்றினால் போதும். எழுதியவர் எந்த முறையில் எழுதினார் என்ற விசாரம் வேண்டுவதில்லை. இளைஞர்கள் சுவரொட்டிகளிலும் சினிமாத் தலைப்புகளிலும் பழைய உருவங்களை ஆசையோடு கையாள்வதைக் காண்கிறோம். 2022-இல் கேரள அரசே எழுத்து முறையை மறுபரிசீலனை செய்து, பழைய வடிவங்களில் சிலவற்றை மீண்டும் ஏற்கத் தலைப்பட்டது. அரசாணையால் போனது, அரை நூற்றாண்டுக்குப் பின், ஆர்வலர்களின் உழைப்பால் திரும்பி வந்தது.

எழுத்தின் உருவம் மீண்டுவிட்டால் எல்லாம் மீண்டுவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. திரையில் கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்குக் கீழே, யந்திரம் தனக்குள் வைத்துக்கொள்ளும் குறியீடு ஒன்று இருக்கிறது. அந்தக் குறியீட்டை வகுப்பது யூனிகோடு என்னும் சர்வதேச அமைப்பு. மலையாளத்தில் ‘அவன்’ என்பதற்கும் ‘அவனுக்கு’ என்பதற்கும் எழுத்தில் உள்ள பேதம் கடைசி னகரத்தில்தான் இருக்கிறது: முன்னதில் அது ‘சில்லு’ என்னும் தனி உருவம் பெறும், பின்னதில் சந்திரக்கலையோடு நிற்கும். தொடக்கத்தில் இந்தச் சில்லெழுத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. மெய்யோடு சந்திரக்கலையும், கண்ணுக்குப் புலப்படாத ஓர் இணைப்புக் குறியும் சேர்த்து அதை உண்டாக்கினார்கள். அந்தப் புலப்படாத குறியை ஏதேனும் ஒரு மென்பொருள் உதிர்த்துவிட்டால், ‘அவன்’ என்று எழுதியது ‘அவனுக்கு’ என்று மாறிவிடும். தனிக் குறியீடு தந்தாலன்றி இது தீராது என்றது ஒரு கட்சி. சில்லு என்பது மெய்யின் ஓர் உருவமேயன்றித் தனி எழுத்தன்று, தனிக் குறியீடு தந்தால் ஒரே சொல் இரண்டு விதமாகப் பதிவாகிக் குழப்பம் விளையும் என்றார்கள் ரசனா இயக்கத்தாரும் சுதந்திரக் கம்ப்யூட்டிங் குழுவினரும். 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பில் தனிக் குறியீடுகள் தரப்பட்டன. பழைய முறையில் எழுதியதும் புதிய முறையில் எழுதியதும் இரண்டும் புழங்க, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லைத் தேடினால் யந்திரத்துக்கு அது வேறாகத் தெரிகின்ற சங்கடம் உண்டாயிற்று.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பாஷையின் இலக்கணத்தைச் சார்ந்த நுட்பமான வழக்கொன்று, அந்தப் பாஷை வழங்கும் நாட்டுக்கு வெளியே உள்ள ஒரு சபையில் தீர்ப்பாகிறது. அங்கே போய் வாதாடும் தகுதியை மலையாளிகள் சிலர் வருந்தி உழைத்துச் சம்பாதித்திருந்ததனால்தான் வாதமாவது நடந்தது. அத்தகைய மனிதர்கள் இல்லாத பாஷைக்கு வாதமே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும்.

கன்னடத்தின் கதையும் இதற்குத் தூரமானதன்று. பெங்களூரு உலகத்தின் மென்பொருள் சந்தைகளில் ஒன்றாக ஓங்கியபோது, அந்நகரத்தின் பாஷைக்கு அந்தத் தொழிலில் என்ன பங்கு கிடைத்தது என்ற கேள்வியை நாவலாசிரியர் பூர்ணசந்திர தேஜஸ்வி போன்றவர்கள் விடாமல் எழுப்பினார்கள். கே.பி. ராவ் வகுத்த விசைப்பலகையும், கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய ‘நுடி’ மென்பொருளும், ‘பரஹ’ என்ற மென்பொருளும் அந்த வேதனையிலிருந்தே பிறந்தவை. இன்னொரு பக்கம், ஆரம்பப் பள்ளிகளில் தாய்மொழியையே போதனாமொழியாகக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரமில்லை என்று 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கில் தீர்ப்பளித்தது. 2021 ஜூனில், இந்தியாவின் அவலட்சணமான பாஷை எது என்று கூகுளில் கேட்டவர்களுக்குக் கன்னடம் என்ற விடை முதலில் தோன்றியதும், எதிர்ப்புக் கிளம்பிய பின் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். பம்பனும் குமாரவியாசனும் பாடிய பாஷையைப் பற்றி, எங்கோ ஒரு பக்கத்தில் எவரோ எழுதிவைத்த அவதூறை யந்திரம் விசாரணையின்றித் தன் விடையாக எடுத்து நீட்டியது. யந்திரத்துக்கு அபிமானமும் இல்லை, துவேஷமும் இல்லை. தனக்குக் கிடைத்ததை அது திருப்பிச் சொல்கிறது. அதற்கு நாம் எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

தமிழுக்கு எழுத்துகள் குறைவாக இருப்பது ஒரு பாக்கியம். பெரியார் 1935-இல் கையாளத் தொடங்கி, 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்தம், ‘லை’, ‘னை’, ‘ணா’ போன்ற பதின்மூன்று எழுத்துகளோடு நின்றது. அது ஒரு தலைமுறையை மற்றொரு தலைமுறையிலிருந்து பிரிக்கவில்லை. ஆனால், தொண்ணூறுகளில் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, நிறுவனத்துக்கு ஒரு குறியீடு என்று நாம் பட்ட அவஸ்தையை மறந்துவிடக் கூடாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகே விசைப்பலகைக்கு ஒரு பொது நியமம் ஏற்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றிவைத்தது. அதில் உழைத்தவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்களே. அதற்கும் வெகு காலம் முன்பே, கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் வ.ஐ. சுப்பிரமணியம் புறநானூற்றின் சொற்களையெல்லாம் தொகுத்து 1962-இல் சொல்லடைவாக வெளியிட்டார். அவரைப் பின்பற்றி மாணவர்களும் சங்க நூல்களின் மொழியமைப்பை ஆராய்ந்தனர். இன்று பாஷையை யந்திரத்துக்குக் கற்பிக்கச் சொற்றொகுதி வேண்டும் என்கிறார்கள். அத்தகைய தொகுதியை யந்திரம் வருமுன்பே திருவனந்தபுரத்தில் ஒரு தமிழாசிரியர் கையால் செய்துவைத்திருக்கிறார்.

இந்தத் திருவனந்தபுரத்தைப் பற்றியே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் 1990-இல் இங்கேதான் எழுந்தது. ஐரோப்பிய விஞ்ஞானச் சஞ்சிகைகளின் சமன்பாடுகள் நிறைந்த பக்கங்களை ‘டெக்’ என்னும் மென்பொருளால் அழகுறக் கோக்கும் தொழிலும் இங்கே வேரூன்றியது. உலக ‘டெக்’ பயனாளர் மாநாடு 2002-இலும் 2011-இலும் இந்நகரத்தில் கூடிற்று. 2001 ஜூலையில் இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியதும் இங்கேதான். இந்த ஞானத்தின் ஒரு பகுதி பாஷைக்குத் திரும்பியது. அதே ‘டெக்’ முறையில் மலையாள நூல்களைக் கோத்து, இலவசமாக உலகுக்கு அளிக்கும் ‘சாயாஹ்ன’ அறக்கட்டளை அதற்குச் சான்று. அரசுப் பள்ளிக் கணிப்பொறிகளில் சுதந்திர மென்பொருளே இயங்க வேண்டும் என்று கேரளம் பிடிவாதம் பிடித்ததனால், மாணவர்கள் தம் பாஷையிலேயே கணிப்பொறியின் திரையைப் பார்க்க முடிந்தது. உலகத்துக்கு வேலை செய்பவன் தன் வீட்டுக்கும் கொஞ்சம் வேலை செய்தால் பாஷை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தவை இந்தக் காரியங்களே.

பிழைத்துக்கொள்வது எளிதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை. யந்திரத்தின் அளவைகள் ஆங்கிலத்துக்கென்று வகுக்கப்பட்டவை. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் இடமிருக்க, தமிழுக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் 70 இடங்களே உண்டு. இணையத்தில் பெருவழக்கான குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்க, நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கேட்கிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவும் ஒரே கருத்தை ஆங்கிலத்தில் வாங்குவதற்கு ஆவதைவிட அதிகத் துண்டுகளாக நம் வாக்கியத்தை நறுக்கியே விழுங்குகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில் அது பணமாகவே முடிகிறது. தன் பாஷையில் எழுதுபவன் கூடுதலாகச் செலுத்தும் இந்த வரியை எந்தச் சட்டமன்றமும் விதிக்கவில்லை.

இதற்குப் பரிகாரம், எழுத்தைக் குறைப்பதன்று என்பதை 1971 நமக்குக் கற்பித்திருக்கிறது. யந்திரம் மாறும், பத்தாண்டுக்கு ஒருமுறை மாறியே தீரும், அதற்காகப் பாஷையைச் செதுக்கியவர்கள் செதுக்கியதை மீட்க ஐம்பதாண்டு பாடுபட வேண்டியிருக்கும். பாஷையின் பேச்சும் எழுத்தும் பெருமளவில், பிழையின்றி, எவரும் எடுத்தாளும் உரிமையோடு யந்திரத்துக்குக் கிடைக்கும்படி செய்வதே வழி. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘பாஷிணி’ திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ‘ஏஐ ஃபார் பாரத்’ குழுவும் இத்திசையில் நடக்கின்றன. பொதுப் பணத்தில் உருவாகும் அகராதி, சொற்றொகுதி, எழுத்துரு, குரற்பதிவு எதுவாயினும் அது உருவான அன்றே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். பல்கலைக்கழக அலமாரியில் பூட்டிவைத்த அகராதியால் எந்த யந்திரமும் எந்தப் பாஷையையும் கற்கப் போவதில்லை. காரியவட்டத்தில் உள்ள கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உறங்கும் பல்லாயிரம் ஏடுகளுக்கும் இதுவே பொருந்தும்.

இனி, பெரும்பான்மையோரின் பாஷையைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடுகின்ற ஒரு தரப்பு இருக்கிறது. கேரளத்தின் வட கோடியில், காசர்கோட்டில், 1956-இல் இம்மாநிலத்தோடு சேர்ந்த கன்னட மக்கள் வாழ்கிறார்கள்; 1949-இல் சென்னை அரசு ‘ராஷ்டிரகவி’ என்று கௌரவித்த மஞ்சேசுவரம் கோவிந்த பையும், நூறாண்டு வாழ்ந்த கய்யார கிஞ்ஞண்ண ராயும் அந்த மண்ணின் கவிகள். அங்கேயே வழங்கும் துளுவுக்கு உரிய துளு-திகளாரி எழுத்து, 2024 செப்டம்பரில்தான் யூனிகோடில் இடம்பெற்றது. தெற்கே தமிழர்கள்: ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை கல்லூரிப் பேராசிரியராக வாழ்ந்ததும், நகுலனும் நீல பத்மநாபனும் எழுதியதும் திருவனந்தபுரத்தில்தான், தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதிகளில் தமிழே வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். இந்த இரு சிறுபான்மையோரும் மாநில அரசுக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும், தத்தம் பாஷையிலேயே கடிதம் எழுதலாம், அவர்களுக்கு அதே பாஷையில் பதிலும் அனுப்ப வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

அந்தச் சட்டம் காகிதமும் தபாலும் நிலவிய காலத்துச் சட்டம். இன்று விண்ணப்பம் திரையில் எழுதப்படுகிறது. சான்றிதழ் திரையில் பிறக்கிறது. காகிதத்தில் அளித்த உரிமை, திரைக்கு மாறியதனால் ஒரு சொல்லும் குறைந்துவிடலாகாது. மலையாள எழுத்தை மீட்க இவ்வளவு பாடுபட்ட மாநிலம், யந்திரத்தைக் காரணம் காட்டித் தன் எல்லைக்குள் உள்ள இரண்டு பாஷைகளைச் சுருக்குமானால் அது தர்மமாகாது. அரசின் மின்வாயில்கள் ஒவ்வொன்றிலும் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் தமிழும் கன்னடமும் முழுப் பாஷைகளாக இருக்க வேண்டும்; அதற்கு வேண்டிய எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. கேரளத்துத் தமிழர்களுக்கும் காசர்கோட்டுக் கன்னடர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: அரசுக்கு நீங்கள் அடுத்து அனுப்பும் மனுவை உங்கள் பாஷையில் தட்டச்சுச் செய்து அனுப்புங்கள், பதிலையும் அதே பாஷையில் தரும்படி, 1969-ஆம் ஆண்டின் சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.